ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர்?

“உழைப்பே உயர்வு தரும்” என்று கையெழுத்துப் பயிற்சி ஏட்டில் எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. பேச்சுப் போட்டி மேடைகளிலும் இந்த வாசகம் ஆண்டுதோறும் முழங்கத்தான் செய்கிறது. நல்ல வாசகந்தான். ஆனால் உழைப்பு எல்லாருக்கும் ஒரே அளவான உயர்வைத் தருகிறதா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடன் நாங்களும் சேர்ந்துகொள்ள விரும்புகிறோம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

கட்டடம் எழும்பும் இடம் எதையாவது சற்று நின்று பாருங்கள், தோழியரே. கல் அடுக்கிச் சுவர் எழுப்புகிறவர் கொத்தனார். அவருக்குக் கல்லும் மணலும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவர்கள் கையாட்கள். அந்தக் கையாட்களுள் ஆணுக்குப் பெரியாள் என்று பெயர். பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். பல வேளைகளில் இருவரும் சுமப்பது அதே சாந்துச் சட்டிதான். ஏறுவது அதே சாரந்தான். இருவர் தலையிலும் காய்வது அதே வெயில்தான். கூலி எண்ணும் நேரத்தில் மட்டும் பெரியாளுக்கு ஒரு தொகை, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த தொகை. காரணம் கேட்டால், “அவர் பெரியாள், இவள் சித்தாள்” என்பதே பதிலாக வரும். பெயரே காரணமாகிவிடுகிறது! பெரியாள் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகிவிடலாம். சித்தாளோ தலை நரைத்த பின்னும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறாள்.

இதிலிருந்து எங்களுக்குத் தோன்றிய கருத்து ஒன்று உண்டு. “நீ பெண், ஆகவே உனக்குக் குறைவு” என்றோ, “நீ கறுப்பன், ஆகவே உனக்குக் குறைவு” என்றோ வெளிப்படையாகச் சொல்லிக் கூலியைக் குறைத்தால் கேட்பவர் மனம் கூசும். ஆகையால் அநீதி வேறு வழியில் வருகிறது. அது முதலில் வேலைக்கு இரண்டு பெயர் வைக்கிறது. பிறகு ஒரு பெயருக்கு ஒரு கூலி என்கிறது. இது நம் ஊர்க் கட்டடங்களில் மட்டும் நடப்பதன்று; உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

அட்லாண்டிக் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் இணைக்கும் பனாமாக் கால்வாயைப் பற்றிப் புவியியலில் படிக்கிறோம். 1904ஆம் ஆண்டு அமெரிக்கர்கள் அந்தப் பணியைத் தொடங்கினார்கள். 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது. மலையைப் பிளந்து கப்பல் போக வழி செய்த அந்த அதிசயத்தைப் புகழாதவர் இல்லை. ஆனால் அங்கே மண் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் யார்? பார்படோஸ், ஜமெய்க்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கு இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தார்கள். ஒன்று தங்கப் பட்டியல். மற்றொன்று வெள்ளிப் பட்டியல். அமெரிக்க வெள்ளையர்களுக்குத் தங்க நாணய மதிப்பில் சம்பளம். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு உள்ளூர் வெள்ளி நாணயத்தில் கூலி.

கேட்பதற்கு நாணயத்தின் பெயர்தான். ஆனால் வாழ்க்கை முழுவதும் அந்தப் பெயரால் பிரிக்கப்பட்டது. தங்கக்காரர்களுக்கு நல்ல வீடு, சம்பளத்துடன் விடுப்பு, நோய் வந்தால் அதற்கும் விடுப்பு. வெள்ளிக்காரர்களுக்கு நெரிசலான கொட்டகைகள். கடைகள் வேறு, அஞ்சலகச் சன்னல் வேறு, குடிதண்ணீர்க் குழாயும் வேறு. கதவுகளின் மேல் “வெள்ளையர்”, “கறுப்பர்” என்று எழுதவில்லை. “தங்கம்”, “வெள்ளி” என்றே எழுதினார்கள். எவ்வளவு நயமான ஏற்பாடு! வெள்ளிப் பட்டியலுக்குள்ளும் நிறம் விடவில்லை. மேற்கிந்தியத் தொழிலாளிக்கு மணிக்குப் 10 சென்ட் கொடுத்தவர்கள், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்து அதே மண்ணை வெட்டியவருக்கு 20 சென்ட் கொடுத்தார்கள். அமெரிக்கர் பணி நடத்திய ஆண்டுகளில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள் அரசாங்கக் கணக்கின்படி 5,609 பேர். அவர்களுள் ஏறத்தாழ 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர்கள். கூலியில் பின்னால் நின்றவர்கள் சாவில் முன்னால் நின்றார்கள்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தங்கம், வெள்ளி என்ற பெயர்கள் உலகோர் கண்ணில் வெட்கக்கேடாகத் தோன்றியபோது, 1948இல் அவற்றை நீக்கினார்கள். அவற்றின் இடத்தில் வந்தவை என்ன? “அமெரிக்க வீதம்”, “உள்ளூர் வீதம்” என்ற இரண்டு பெயர்கள்! பலகை மாறிற்று, கூலி வேறுபாடு மாறவில்லை. ஒரே அடிப்படைச் சம்பள முறை வேண்டும் என்பதை 1955ஆம் ஆண்டு அமெரிக்காவும் பனாமாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் எழுதினார்கள். கால்வாய் வெட்டப் பத்து ஆண்டு. கூலிப் பெயரை ஒன்றாக்கச் சம்மதிப்பதற்கோ அரை நூற்றாண்டு!

“அது படிப்பறிவில்லாத கூலிகளின் கதை. நன்றாகப் படித்துப் பட்டம் பெற்றுவிட்டால் யாரும் நம்மை இப்படி நடத்த முடியாது” என்று எங்கள் தோழி ஒருத்தி சொன்னாள். நாங்களும் அப்படியே நம்ப ஆசைப்படுகிறோம். ஆனால் வரலாறு வேறு மாதிரி பேசுகிறது.

அமெரிக்காவில் வர்ஜினியா மாநிலத்தில் லாங்லி என்னும் விமான ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மின்னணுக் கணிப்பொறிகள் வருவதற்கு முன்னர் அங்கே கணக்குகளைப் போட்டுக் கொடுத்தவர்கள் பெண்கள். 1935ஆம் ஆண்டு ஐந்து பெண்களுடன் அந்தப் பிரிவு தொடங்கியது. இன்று நாம் ‘கம்ப்யூட்டர்’ என்று ஓர் இயந்திரத்தைச் சொல்கிறோமே, அந்நாளில் அது அந்தப் பெண்கள் வகித்த பதவியின் பெயர். கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அவர்கள். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் “தொழில்முறைக்குக் கீழ்ப்பட்டவர்” என்ற வகையில் சேர்க்கப்பட்டார்கள். அதே போன்ற படிப்புடன் வந்த ஆண்கள் “தொழில்முறையாளர்” என்ற வகையில் கூடுதல் சம்பளத்துடன் தொடங்கினார்கள்.

1943 முதல் கறுப்பினப் பெண்களும் அங்கே வேலைக்கு வந்தார்கள். அவர்களைத் தனிக் கட்டடத்தில் வைத்தார்கள். உணவுக்கூடத்தில் அவர்களுக்கு ஒரு தனி மேசை. அதன்மேல் “கறுப்பினக் கணக்காளர்கள்” என்று ஒரு பலகை. அவர்களுள் மிரியம் மான் என்பவர் அந்தப் பலகையை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். மறுபடி ஒரு பலகை வைத்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டு போனார். இப்படிப் பலமுறை நடந்த பிறகு பலகை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்தான் காதரின் ஜான்சன். 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் விண்வெளியில் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், இயந்திரம் போட்ட கணக்கை அந்த அம்மையார் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு மனிதரின் உயிரையே நம்பி ஒப்படைக்கக்கூடிய அறிவு, சம்பளப் பட்டியலில் “கீழ்ப்பட்ட” அறிவாக எழுதப்பட்ட பிரிவிலிருந்து வந்தது! பெண், கறுப்பினத்தவர் என்ற இரண்டு காரணங்களும் ஒருவரிடமே சேர்ந்தால் சுமையும் இரட்டிப்பாகும் என்பதை லாங்லியின் வரலாறு காட்டுகிறது.

ஆண், பெண் ஆகிய இருபாலருக்கும் சம ஊதியம் வேண்டும் என்று அமெரிக்காவில் 1963இல் சட்டம் வந்தது. நிறத்தின் பேரால் வேலையில் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1964இல் சட்டம் வந்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆண்டு முழுதும் முழுநேரம் வேலை பார்த்த ஆண் ஒரு டாலர் பெற்ற இடத்தில் பெண் பெற்றது ஏறத்தாழ 83 சென்ட். வெள்ளையர் இன ஆணுடன் ஒப்பிட்டால் கறுப்பினப் பெண் பெற்றது மூன்றில் இரண்டு பங்கு அளவே. சட்டம் வந்து அறுபது ஆண்டுக்குப் பிறகும் இதுதான் நிலை.

பெயரை மாற்றுவதற்காகவே போராடிய பெண்களும் உண்டு. இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற இடத்திலுள்ள போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் 187 பெண்கள் காரின் இருக்கைகளுக்கு உறை தைத்தார்கள். தையல் தேர்வில் தேறினால்தான் அந்த வேலையே கிடைக்கும். அப்படியிருந்தும் 1968ஆம் ஆண்டு புதிதாகத் தரம் பிரித்தபோது, திறமை வேண்டாத வேலை என்று அதைத் தாழ்ந்த ‘பி’ வகையில் போட்டார்கள். அந்தத் தாழ்ந்த வகையிலும் ஆணுக்குரிய கூலியில் நூற்றுக்கு 85 பங்குதான் பெண்ணுக்கு. ஜூன் 7ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருக்கை இல்லாமல் கார் ஏது? தொழிற்சாலை ஸ்தம்பித்தது. மூன்று வாரத்தில் அமைச்சர் பார்பரா காசில் அம்மையார் தலையிட்டுச் சமரசம் செய்தார். கூலி நூற்றுக்கு 92 பங்காக உயர்ந்தது. அந்தப் போராட்டத்தின் பயனாக இங்கிலாந்தில் 1970இல் சம ஊதியச் சட்டமும் பிறந்தது.

ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது பணம் மட்டுமன்று. “எங்கள் வேலை திறமையான வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள்” என்பதே அவர்கள் கோரிக்கை. அது அப்போது கிடைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு மறுபடியும் வேலைநிறுத்தம் செய்த பிறகே அவர்கள் ‘சி’ வகைக்கு உயர்த்தப்பட்டார்கள். கூலியை ஓரளவு உயர்த்த மூன்று வாரம் போதுமாயிருந்தது; பெயரை மாற்றப் பதினாறு ஆண்டுகள் வேண்டியிருந்தது. பணத்தைவிடப் பெயரை விட்டுக்கொடுப்பதுதான் முதலாளிகளுக்குக் கடினமாயிருந்தது போலும்.

நம் இனத்துப் பெண்களின் கதையும் இதில் சேர்ந்ததே. திருச்சி, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கை மலைநாட்டுக்குப் போன நம் மக்கள் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினார்கள். அங்கே கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. கவ்வாத்து வெட்டுவது, மருந்து தெளிப்பது முதலியவை ஆண்களின் வேலை. இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க 1927இல் அங்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதற்குக் குறைந்த கூலி, சிறுவருக்கு அதற்கும் குறைந்த கூலி என்று நிர்ணயித்தார்கள். பல தோட்டங்களில் ஆண்கள் தங்களுக்கு அளந்து விட்ட வேலையை முடித்துவிட்டு நடுப்பகலுக்குப் பின் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்களோ மழையிலும் பனியிலும் கூடையைச் சுமந்து நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில்தான் திரும்புவார்கள். அதிக நேரம் நின்றவளுக்குக் குறைந்த கூலி. ஏனென்றால் அது ‘பெண்ணாள்’ வேலை! இலங்கைத் தோட்டங்களில் ஆண் பெண் கூலி 1984ஆம் ஆண்டில்தான் சமமாக்கப்பட்டது. விரல் நுனியில் கொழுந்தைக் கிள்ளும் அந்தத் திறமை இல்லாவிட்டால் தேயிலையே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், ‘இலேசான வேலை’ என்ற பெயர் எவ்வளவு பொய்யானது என்பது விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அரசின் நெறியாகக் கூறுகிறது. சமமான மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் செய்த உடன்பாட்டை இந்தியா 1958இல் ஏற்றுக்கொண்டது. சம ஊதியச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் இப்பொழுது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்து, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பே நடைமுறையில் உள்ளது. “ஒரே வேலை அல்லது அதையொத்த வேலை” என்பதே அன்றும் இன்றும் சட்டத்தின் அளவுகோல்.

இந்த அளவுகோலை உச்சநீதி மன்றம் 1987இல் ஒரு வழக்கில் எடுத்து வைத்தது. மக்கின்னன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அங்கே மேலதிகாரிகளிடம் வேலை பார்த்த பெண்களுக்கு “அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்” என்று தனிப் பெயர் வைத்து, ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்து வந்தார்கள். “அந்தப் பெயரில் ஆண்கள் எவருமே இல்லையே, பிறகு யாரோடு ஒப்பிடுவது?” என்பது நிறுவனத்தின் வாதம். நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. வேலையின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். சமமாகக் கொடுக்க நிறுவனத்திடம் பணமில்லை என்பதும் சரியான காரணமாகாது என்று கூறிவிட்டார்கள். சித்தாள், பெரியாள் என்ற வழக்கத்துக்கும் இந்தத் தீர்ப்புப் பொருந்தும் அன்றோ?

இக்கருத்துகளை எங்கள் வகுப்பில் பேசியபோது எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுத்தவர்கள் சொன்னவற்றையும் நேர்மையாக எழுதிவிடுகிறோம்.

“ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான், ஆகவே அவனுக்குக் கூடுதலாக வேண்டும்” என்றனர் சிலர். அப்படியானால் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் சட்டி சுமக்கும் தாய்க்கு ஏன் அந்தக் கூடுதல் கூலி கிடைப்பதில்லை? திருமணமாகாத இளைஞனுக்கு மட்டும் ஏன் கிடைக்கிறது? குடும்பத்தைப் பார்த்துத்தான் கூலி என்றால் குடும்ப அட்டையைப் பார்த்தல்லவா கொடுக்க வேண்டும்? உண்மையில் யாரும் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. கடைக்காரரும் பெண் கூலி குறைவு என்பதற்காக அரிசி விலையைக் குறைப்பதில்லை.

“கடினமான வேலைக்குக் கூடுதல் கூலி என்பது நியாயந்தானே?” என்றனர் வேறு சிலர். நியாயந்தான். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எது கடினம் என்று தீர்மானிப்பவர் யார்? வரப்பு வெட்டுவது கடினம் என்கிறார்கள். சேற்றில் காலை வைத்துக் காலை முதல் குனிந்து நாற்று நடுவது மட்டும் எளிதா? முதுகு வலி கணக்கில் வராது, தோள் வலி மட்டும் கணக்கில் வரும் என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது மறுப்பு சற்று வலுவானது. “பெண்கள் பிள்ளைப் பேற்றுக்காக வேலையை விடுகிறார்கள்; குறைந்த நேரம் வேலை செய்கிறார்கள்; ஆகவே சம்பளம் குறைகிறது. இதில் முதலாளியின் குற்றம் என்ன?” என்பது அது. இதில் உண்மை உண்டு. 2023ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அம்மையார் இருநூறு ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். செல்வ நாடுகளில் இன்றுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் இருக்கிறது என்றும், அது முதல் குழந்தை பிறந்த பின்னரே பெரிதாக எழுகிறது என்றும் அவர் காட்டினார். ஆகவே எல்லா வேறுபாட்டுக்கும் பெயரே காரணம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். குழந்தை இருவருக்கும் பிறந்ததுதானே? தாய் ஆனவுடன் சம்பளம் தேங்குகிறது. தந்தை ஆனவருக்கு ஏன் அப்படி நேர்வதில்லை? மேலும், சித்தாளின் கூலி அவள் தாயாகும் வரை காத்திருந்து குறைவதில்லை. முதல் நாள் காலையிலேயே குறைவாகத்தான் பேசப்படுகிறது.

கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் நாங்கள் மறைநூலையும் எண்ணிப் பார்க்கிறோம். மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வருகிறது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே தெனாரியத்தைக் கொடுக்கிறார். “முதலாளி தம் விருப்பப்படி கொடுக்கலாம் என்றுதானே இதற்குப் பொருள்?” என்று கேட்பவர்கள் உண்டு. இறைவனின் தாராளத்தைக் காட்டும் உவமையைக் கூலி குறைப்பவருக்குச் சாதகமாக்குவது சரியாகுமா? அந்தத் தோட்டக்காரர் பேசிய கூலியில் யாருக்கும் ஒரு காசு குறைக்கவில்லை. அவர் விருப்பம் கூட்டிக் கொடுப்பதிலேதான் சென்றது. வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி இறைவன் செவிவரை கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் திருமுகம் எச்சரிப்பதையும் நாம் மறக்கலாகாது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகச் சுற்றுமடல் எழுதினார். அந்நாளைய எண்ணப்படி, பெண்ணுக்கு இயல்பான இடம் வீடு என்றே அம்மடல் கருதியது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1995ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உலகப் பெண்களுக்கு எழுதிய கடிதத்தில், சம வேலைக்குச் சம ஊதியம் அவசரமாக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். திருச்சபையே காலத்தோடு சேர்ந்து சிந்தித்திருக்கும்போது, கட்டட மேஸ்திரியும் மில் முதலாளியும் சிந்திக்கக்கூடாதா?

சரி, செய்ய முடிந்ததுதான் என்ன? ஐஸ்லாந்து என்ற சிறு நாட்டைப் பாருங்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அந்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்தினார்கள். நாடே திகைத்தது. அந்த நாட்டில் 2018இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் ஒவ்வொன்றும், தான் ஆண் பெண் வேறுபாடின்றிச் சம்பளம் கொடுப்பதாக மெய்ப்பித்துச் சான்று பெற வேண்டும் என்பது அச்சட்டம். வேலை ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய திறமை, பொறுப்பு, முயற்சி ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும். மெய்ப்பிக்கும் கடமை முதலாளியுடையது. கெஞ்சும் கடமை தொழிலாளியுடையதன்று. இதுவே நல்ல வழி என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலேயும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த அந்தத் திட்டத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வீதம் வைத்தார்கள். பெரியாள் பட்டியல், சித்தாள் பட்டியல் என்று இரண்டு வைக்கவில்லை. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை, ஏரியும் தூர்வாரப்பட்டது. அரசாங்கம் வைத்த கூலியில் முடிந்தது, தனியார் வைக்கும் கூலியில் மட்டும் ஏன் முடியாது?

தோழியரே! இன்னும் சில மாதங்களில் நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போவோம். சிலர் மேல்நிலை வகுப்புக்கு, சிலர் தொழிற்பயிற்சிக்கு. வீட்டு நிலைமையால் பனியன் கம்பெனிக்கும் நூற்பாலைக்கும் நேரே போக வேண்டியவர்களும் நம்முள் இருக்கலாம். எங்கே போனாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. எனக்கு என்ன வேலை என்பது ஒன்று. அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது இரண்டு. இதே வேலையைச் செய்யும் அண்ணனுக்கு என்ன சம்பளம் என்பது மூன்று. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகன்று என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் நாம் பேசாதிருக்கும் வரையில்தான் இரண்டு பட்டியல்கள் பத்திரமாக இருக்க முடியும்.

நாளை நம்முள் சிலர் கூலி கொடுக்கும் இடத்திலும் இருப்போம். வீடு கட்டுவோம், கடை வைப்போம், அலுவலகம் நடத்துவோம். அப்போது மேஸ்திரி நோட்டுப் புத்தகத்தை நீட்டி, “அம்மா, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு” என்பார். ஊர் வழக்கம் அதுதான் என்பார். இருவரும் இன்று என்ன வேலை செய்தார்கள் என்று அவரிடம் கேட்போம். ஒரே வேலை என்றால் ஒரே தொகையை எண்ணிக் கொடுப்போம். சட்டத்துக்காகவும் நீதிமன்றத்துக்காகவும் காத்திராமல் நம் கையாலேயே செய்யக்கூடிய நீதி அது.